பட்டாளம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்

(ராணுவ மருத்துவப் பிரிவில் மனநல மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது வேலூரில் நோயாளிகளைப் பார்த்துவரும் மருத்துவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

இந்த இதழுக்கு நான் எடுத்துக்கொண்ட கடிதங்கள் எல்லாமே படைவீரர், முன்னாள் படைவீரர் வீடுகளிலிருந்து வந்தவை. எங்கள் மாவட்டத்தில் இது அதிசயமில்லை. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்களில், திரும்பி வந்தவர்களும் வீட்டுக்கு ஒருவர் இருக்கத்தானே செய்வார்கள்? எழுதியவர்கள் யாரென்று தெரியாதபடி ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் கணவர் ஹவில்தாராக இருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் பென்ஷன் வந்தார். வயது 43. ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் காஷ்மீரில் இருந்தவர். இப்போது ஒரு ஷூ கம்பெனியில் பகல் நேரக் காவல் வேலை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வீட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். கேட்டைப் பூட்டியாயிற்றா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறார். கல்யாண வீட்டிலும் சுவரோரமாக, வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். தீபாவளியன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு வெளியே வரவே இல்லை. கேன்டீன் ரம் முன்பு சனிக்கிழமை மட்டும், இப்போது தினமும். பிள்ளைகள் மேல் எரிந்து விழுவார். ஆனால் போன வாரம் அமைதியாகிவிட்டார். ஏ.டி.எம். ரகசிய எண், பென்ஷன் பார்க்கும் ஸ்பர்ஷ் தளத்தின் பாஸ்வேர்டு, இன்சூரன்ஸ் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, "எதற்கும் நீ தெரிந்து வைத்துக்கொள்" என்று கொடுத்தார். ரெஜிமென்டில் கிடைத்த கடிகாரத்தைப் பையன் கையில் கட்டிவிட்டார். சோளிங்கருக்கு அழைத்துப் போகலாம் என்கிறார் மாமியார். அவர் மாறிவிட்டார் என்று சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?
— ஒரு வாசகி, குடியாத்தம் பக்கம்

பதில்: பயப்படுங்கள் அம்மா. இன்றைக்கே.

உங்கள் கடிதம் கைக்கு வந்ததும் நேரடியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இங்கே அச்சிடுவது, இதே போன்ற ஃபைலை வாங்கி பீரோவில் வைத்திருக்கும் மற்ற பெண்களுக்காக.

உங்கள் கணவரிடம் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. நான்கு மணிக்கு எழுவதும் கேட்டைப் பார்ப்பதும் பட்டாளம் கொடுத்தவை. எல்லைப்புறச் சாவடிகளில் பொழுது புலரும்போதும் இருட்டும்போதும் எல்லோரும் ஆயுதத்தோடு தங்கள் இடத்தில் போய் நிற்க வேண்டும். ஸ்டாண்ட்-டூ என்பார்கள். எதிரி வருவதற்கு வாய்ப்பு அதிகமுள்ள நேரம் அது. வாசலைப் பார்த்து உட்காருவதும் அந்தக் கணக்குத்தான். அங்கே உயிரைக் காத்த பழக்கம், பென்ஷன் ஆர்டர் வந்த அன்று உடம்பை விட்டு இறங்கிவிடாது. இதை மட்டும் வைத்து நோய் என்று நான் சொல்லமாட்டேன். இதோடு கெட்ட கனவு, வெடிச்சத்தத்துக்கு ஒளிவது, எரிந்து விழுவது, நடந்ததைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போவது எல்லாம் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு: பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களைப் பார்த்துத்தான் 1980-இல் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். குணப்படுத்தக்கூடியது.

இரண்டாவது விஷயம், அந்த ஃபைலும் கடிகாரமும். எரிந்து விழுந்துகொண்டிருந்த மனிதர், காரணம் எதுவும் இல்லாமல் திடீரென்று சாந்தமாகி, கணக்கு வழக்குகளை ஒப்படைத்து, பிடித்த பொருளைப் பிள்ளையிடம் கொடுத்தால், அது குணமாகிவிட்டதன் அடையாளமாக இருக்கவேண்டும் என்பதில்லை. முடிவு எடுத்துவிட்ட மனிதரும் அப்படித்தான் அமைதியாகிறார்.

ஆகவே கேளுங்கள். சுற்றி வளைக்காமல், "சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா?" என்றே கேளுங்கள். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்டவுடன் பலர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். "ஆமாம்" என்றாலோ, பதிலே சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து டப்பா, மாத்திரைப் பட்டைகள், இன்னும் அவர் கைக்கு எட்டுகிற ஆபத்தான எதுவும் அன்று மாலைக்குள் அண்ணன் வீட்டுக்கோ தம்பி வீட்டுக்கோ போய்விட வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். 104-உம் உண்டு. தற்கொலைத் தடுப்புக்கான சென்னை சிநேகா அமைப்பின் எண் 044-24640050. நிலைமை கைமீறினால் 108.

மறுநாள் காலை இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அட்டையை எடுத்துக்கொண்டு பாலிகிளினிக். அங்கிருந்து மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். கூட்டம் அதிகமென்றால் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கே போகலாம், அங்கே அட்டை தேவையில்லை. குடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை: தினமும் குடிப்பவரின் பாட்டிலை ஒரே நாளில் பிடுங்கிவிடாதீர்கள். கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

சோளிங்கர் ஆஞ்சநேயரோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை. மாமியார் விருப்பப்படி போய் வாருங்கள், பாலிகிளினிக்குக்குப் பிறகு.

இன்னொன்று. "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று அவரை உட்கார வைத்து வற்புறுத்தாதீர்கள். அவர் பேசமாட்டார். தன் மனைவியிடம் அந்தக் காட்சிகளைக் கொண்டுவரக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். பட்டாளத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு ஜோடி உண்டு, 'பட்டி' (buddy) என்பார்கள். ஒன்றாகச் சாப்பிட்டு, ஒரே பங்கரில் மாறி மாறி விழித்திருந்தவன். அவன் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும், லீவில் வரும்போதெல்லாம் அவனைப் பற்றித்தான் பேசியிருப்பார். சேலமோ கொல்லமோ, எந்த ஊரில் இருந்தாலும் கூப்பிட்டு, இரண்டு நாள் வந்து தங்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

நாற்பதை ஒட்டிய வயதில் பென்ஷன் வருகிறவர்கள் எதை இழக்கிறார்கள் என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. மாலையில் ரோல் கால் எடுக்கும்போது ஒருவன் இல்லையென்றால் மொத்தக் கம்பெனியும் தேடும். வீட்டில் அவரை யார் எண்ணுகிறார்கள்? பையனுக்கு டியூஷன், உங்களுக்குச் சுய உதவிக்குழு. அவர் இல்லாமலே இருபது வருடம் ஓடப் பழகிய குடும்பம் அது. உங்கள் மேல் குற்றமில்லை. ஆனால் காலை ரேஷன் முதல் மாலை டியூஷன் வரை, "இது உங்கள் பொறுப்பு" என்று சில வேலைகளைக் கொடுங்கள். நேரம் குறித்துக் கொடுங்கள். தவறாமல் செய்வார்.

கேள்வி: அப்பா எக்ஸ் சர்வீஸ்மேன், வங்கியில் கன்மேன். சொந்த லைசென்ஸில் இரட்டைக் குழல் துப்பாக்கி. அம்மா இறந்து ஆறு மாதமாகிறது. தினமும் ராத்திரி துப்பாக்கியை எடுத்துத் துடைக்கிறார். "நான் போய்விட்டால் உனக்குத் தொல்லையில்லை" என்கிறார். துப்பாக்கியைப் பற்றிப் பேசினாலே கத்துகிறார்.
— ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: அமெரிக்காவில் ஆண்டுக்கு 6,000-க்கு மேற்பட்ட முன்னாள் படைவீரர்கள் தற்கொலை செய்துகொள்கிறார்கள். பத்தில் ஏழு பேருக்கு மேல் துப்பாக்கியால். அதனால்தான் அந்த நாட்டு முன்னாள் படைவீரர் நலத்துறை, துப்பாக்கிக்கு மாட்டும் பூட்டை இலவசமாகக் கொடுக்கிறது. பூட்டு எதற்கு உதவும் என்று கேட்கலாம். உயிரை விட வேண்டும் என்ற வெறி பெரும்பாலும் சில நிமிடங்களோ சில மணி நேரமோ உச்சத்தில் நின்று பிறகு இறங்குகிறது. அந்த நேரத்துக்கு ஆயுதம் எட்டாமல் இருந்தால் மனிதர் பிழைத்துக்கொள்கிறார். தப்பியவர்களில் பெரும்பாலோர் பிறகு அந்த வழியில் இறப்பதில்லை.

உங்கள் அப்பாவிடம் "துப்பாக்கியைக் கொடுங்கள்" என்று கேட்டால் கத்தத்தான் செய்வார். வேறு மாதிரி கேளுங்கள். யூனிட்டில் டியூட்டி முடிந்ததும் ரைஃபிளைக் கோத்தில், அதாவது ஆயுத அறையில், ஒப்படைத்து, பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் பாரக்குக்குப் போவார்கள். ஆயுதத்தை வீட்டில், கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்வதைப் பட்டாளம் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. "கோத்தில் போட்டுவிடலாம் அப்பா, உங்கள் மனம் தேறும் வரைக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவது ஊருக்கெல்லாம் பழக்கம்தான். உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமும் பாதுகாப்பில் விடலாம். தோட்டாக்களையும் சேர்த்து.

துப்பாக்கி போனால் வேலையும் போகுமே என்பது உண்மையான சங்கடம், அதை நான் மறைக்கவில்லை. கன்மேன் வேலைக்கே துப்பாக்கிதான் தகுதி. ஆகவே சில வாரங்கள் மருத்துவ விடுப்பு கேளுங்கள், அல்லது ஆயுதம் இல்லாத டியூட்டி. அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை, பேச்சும் முற்றுகிறது என்றால் காவல் நிலையத்துக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள். மகன் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று கொஞ்ச நாள் பேசாமல் இருப்பார். இருந்துவிட்டுப் போகட்டும், இருக்கிறாரே!

அம்மாவின் இழப்புக்கும் மருந்து தேவைப்படலாம், அதையும் பாலிகிளினிக்கில் சொல்லுங்கள். தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தால் பட்டை உங்களிடம் இருக்கட்டும், அன்றன்றைக்கு ஒன்று எடுத்துக் கொடுங்கள்.

கேள்வி: மனநல டாக்டரைப் பார்த்தால் பென்ஷன் நின்றுவிடுமா?
— முன்னாள் நாயக், திருப்பத்தூர்

பதில்: நிற்காது. ஒரு பைசா குறையாது.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். சர்வீஸில் இருக்கும்போது ஷேப் (SHAPE) என்ற ஐந்தெழுத்து மருத்துவத் தரவரிசையில் முதல் எழுத்தே மனநிலைக்குத்தான். அதில் ஒரு படி இறங்கினால் ஆயுதம் கையில் தரமாட்டார்கள், புரமோஷன் தள்ளிப்போகும், பாரக்கில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதனால் தலைவலி, வயிற்றெரிச்சல் என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு காலம் தள்ளியவர்கள் எத்தனையோ பேர். டிஸ்சார்ஜ் புக் கைக்கு வந்த பிறகு அந்தத் தரவரிசை உங்களைத் தொட முடியாது.

நோய் சர்வீஸினால் வந்தது அல்லது சர்வீஸினால் அதிகமானது என்று நிரூபணமானால் ஊனமுற்றோர் பென்ஷன் கேட்கவும் வழி உண்டு. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு எதுவும் இல்லாவிட்டால், நல்ல உடல்நிலையோடு சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓய்வு பெற்ற தேதியைப் பொறுத்து விதிகள் மாறும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

கேள்வி: ஜெய் ஹிந்த் மேடம். 1987-இல் யாழ்ப்பாணம் போன அமைதிப்படையில் நானும் இருந்தேன். எங்கள் கம்பெனியில் தமிழ் பேசத் தெரிந்த சிலரில் ஒருவன். வீடுகளைச் சோதனை போடும்போது என்னைத்தான் முன்னால் விடுவார்கள். ஒரு வீட்டில் ஒரு வயதான அம்மா என்னைப் பார்த்து "தம்பி" என்றார். அதற்கு மேல் எழுத முடியவில்லை. ஊரில் அங்கே இருந்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. மனைவி போன வருடம் காலமானார். இப்போதுதான் கனவு அதிகமாகிறது. இத்தனை காலம் கழித்து ஏன்?
— பெயர் வேண்டாம்

பதில்: ஜெய் ஹிந்த். எழுத முடிந்த அளவுக்கு எழுதினீர்களே, அது போதும்.

இத்தனை காலம் கழித்துத்தான் வரும். வேலை, பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், வீட்டுக்கடன் என்று மனம் ஓடிக்கொண்டிருந்தவரை அந்த வீட்டின் வாசல் மூடியிருந்தது. ஓய்வும், மனைவியின் மறைவும், ராத்திரியின் நீளமும் சேர்ந்து திறந்துவிட்டன. வயதான படைவீரர்களிடம் இது அடிக்கடி நடப்பதுதான். உங்களுக்குப் புத்தி பேதலிக்கவில்லை.

உங்கள் வேதனை பயத்தினால் வந்தது மட்டும் அல்ல என்று கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜொனாதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர், குண்டுக்குப் பயந்த மனதையும் தன் மனசாட்சிக்கு முன் தலைகுனிந்த மனதையும் வேறுபடுத்திப் பார்த்தார். இரண்டாவதற்கு மாத்திரை பாதிதான் உதவும். உங்கள் விஷயத்தில் இன்னொரு சுமை. சுமார் 1,200 இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னையில் வந்து இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதில் அவருக்கு நியாயம் இருந்தது என்று இன்றும் சொல்வோர் உண்டு, அங்கே பொதுமக்கள் இறந்தது பொய்யில்லை. அந்த அரசியலை நான் இங்கே தீர்த்துவைக்கப் போவதில்லை. ஆனால் கப்பலில் இருந்து இறங்கிய இருபது வயதுப் பையன்கள், தாங்கள் எங்கே போய் வந்தோம் என்பதையே மறைத்து வாழப் பழகினார்கள். நீங்கள் அவர்களில் ஒருவர்.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆகவே "உங்கள் மேல் தவறில்லை" என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன், அதை நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். மன்னிக்கும் உரிமையும் எனக்கு இல்லை. அதை முழுவதுமாக ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்வேன். நடுவில் நிறுத்தாத, "நாட்டுக்காகத்தானே செய்தீர்கள்" என்று வாயை அடைக்காத ஒருவரிடம். பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் அதற்கு ஏற்றவர். அதற்கென்றே முறையான சிகிச்சை உண்டு, சில மாதங்கள் ஆகும், முதல் சில வாரங்களில் கனவு அதிகரித்ததுபோலக்கூடத் தோன்றலாம். பாதியில் விட்டுவிடாதீர்கள்.

குடியாத்தத்து அம்மாவிடம் கேட்கச் சொன்ன கேள்வியை நான் உங்களிடம் கேட்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா? தோன்றினால் இந்தப் பக்கத்தை மூடும் முன் 14416-ஐ அழையுங்கள். மகன் வீட்டில் சில நாள் இருக்க முடியுமென்றால் போங்கள். எனக்கும் எழுதுங்கள், மேலே எழுத முடிந்தாலும் முடியாவிட்டாலும்.

கேள்வி: என் மகன் அக்னிவீர். நான்கு வருடம் முடிந்து திரும்பினால் எப்படி இருப்பான் என்று கவலை.
— ஒரு தாய், தேனி

பதில்: உங்கள் கவலைக்கு ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் படையை விட்டு வந்தவர்களை ஆராய்ந்தபோது, தற்கொலை ஆபத்து அதிகம் இருந்தவர்கள் போர்க் கிழவர்கள் அல்ல, இளம் வயதிலேயே வெளியே வந்த பையன்கள் என்று தெரிந்தது. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கில் ஒருவரைத்தான் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி. பென்ஷனும் இ.சி.எச்.எஸ். அட்டையும் கிடையாது. பணத்துக்கு என்ன செய்வது என்று எல்லோரும் யோசனை சொல்கிறார்கள், அந்த அட்டை இல்லாததைப் பற்றி யாரும் பேசக் காணோம். எனக்கு அதில்தான் வருத்தம்.

எடுக்கப்படாவிட்டால் அவன் தோற்றுவிட்டான் என்ற பேச்சு உங்கள் வீட்டில் வரக் கூடாது. நான்கில் மூன்று பேர் திரும்ப வேண்டும் என்பது திட்டத்தின் அமைப்பு. வந்தவுடன் "அடுத்து என்ன?" என்று சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் வரிசையில் நின்று கேட்பார்கள். அவர்களை நீங்கள் வாசலிலேயே தடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய யூனிட் ஆட்களின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவன் நடு இரவில் "எல்லோரும் நன்றாக இருங்கள்" என்று போட்டுவிட்டுப் போனை அணைத்துவிட்டான். காலையில் பார்த்தோம். பிழைத்துக்கொண்டான், மருத்துவமனையில் இருக்கிறான். அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்? போலீஸுக்குச் சொன்னால் அவன் மேல் வழக்கு வருமோ என்றும் யோசனை.
— முன்னாள் சுபேதார், ஆற்காடு

பதில்: வழக்குக்குப் பயப்படாதீர்கள் சாப். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவும் 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் இல்லை. 112-ஐ அழைத்து, "இன்ன ஊரில் இன்ன தெருவில் ஒருவர் உயிர் ஆபத்தில் இருக்கிறார்" என்று சொல்லுங்கள்.

இப்போது மருத்துவமனையில் இருப்பவர்தான் முதல் வேலை. முயன்று பிழைத்தவருக்கு, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள் மிகவும் ஆபத்தானவை. "உனக்கு என்ன குறை, பென்ஷன் வருகிறது, வீடு இருக்கிறது" என்ற புத்திமதியோடு கூட்டமாகப் போய் நிற்காதீர்கள். ஒருநாள் ஒருவர் என்று முறை வைத்துப் போங்கள். சும்மா உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வாருங்கள். குழுவில் அவரைப் பற்றிய விவரங்களைப் பரப்பாதீர்கள், எப்படி முயன்றார் என்பதை ஒருவரும் எழுத வேண்டாம்.

குழுவுக்கு வருகிறேன். உங்களில் எத்தனை பேருக்கு அவரது தெருப் பெயர் தெரியும்? மனைவியின் எண்? குட் மார்னிங் படம் தினமும் போகிறது, விலாசம் யாரிடமும் இல்லை. ஒவ்வொருவரின் விலாசம், வீட்டில் இருக்கும் இன்னொருவரின் எண், பக்கத்து ஊரில் இருக்கும் சக வீரரின் பெயர், இந்த மூன்றையும் எழுதிய பட்டியல் ஒன்றை உங்கள் ஹவில்தார் கிளார்க் எவராவது இருந்தால் அவரிடம் தயாரிக்கச் சொல்லுங்கள். இரண்டு இரண்டு பேராக ஜோடி போட்டுவிடுங்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு ரோல் கால், பதில் போடாதவருக்கு அவரது ஜோடி அன்று இரவே போன் செய்ய வேண்டும். எடுக்கவில்லை என்றால் பக்கத்து ஊர்க்காரர் வண்டியை எடுக்க வேண்டும். நீங்கள் சுபேதார், ஆர்டர் போட உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.